போட் ட்ரெயிலர் வீல் பேரிங்: எந்த சைஸ், நட்டை எவ்வளவு இறுக்குவது?

காசல்ரீக்கரை:

வணக்கம் எல்லோருக்கும். 14 அடி ஃபைபர் போட், 25 குதிரைவலு என்ஜின். ஒற்றை அக்சில் ட்ரெயிலர், 13 அங்குல வீல், ஓவர்ரன் ப்ரேக் (ட்ரெயிலர் பின்னாலிருந்து தள்ளும்போது தானாகப் பிடிக்கும் ப்ரேக்) உள்ளது. போட் பெரும்பாலும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில்தான் இறங்கும். இடைக்கிடை ஹட்டன், கினிகத்தேனை வழியாக நீர்கொழும்புக் களப்புக்கும் போகும்.

இப்போது உள்ள நிலைமை: கித்துல்கலையில் நிறுத்திப் பார்த்தால் வலப்பக்க ஹப்பில் (வீலின் நடுக்குடத்தில்) கை வைக்க முடியவில்லை. இடப்பக்கம் இளஞ்சூடுதான். வலது ரிம்மின் உட்பக்கத்தில் கிறீஸ் தெறித்திருக்கிறது. ஜக்கில் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் டக் டக் என்று அடிக்கிறது. மூடியைக் கழற்றினால் உள்ளே கிறீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது.

வெளி ரேஸில் (ஹப்புக்குள் இறுகியிருக்கும் பேரிங் வளையத்தில்) எல் 44610 என்று வாசிக்க முடிகிறது. உள்ளே ரோலரோடு வரும் கோனில் இலக்கம் தேய்ந்துவிட்டது. ரேஸ் இலக்கத்தைச் சொல்லிக் கடையில் செட்டாக வாங்கலாமா?

நட் விஷயத்தில் ஒரு பாஸ் (மெக்கானிக்) "நல்லா இறுக்கிட்டு கால் சுற்று லூஸ் பண்ணு" என்கிறார். இன்னொருவர் "ஆடாம இருக்கிற அளவுக்கு இறுக்கு" என்கிறார். எது சரி? ஸ்பிரிங் வைத்த பேரிங் ப்ரொடெக்டர் (கிறீஸை உள்ளே அழுத்தி வைக்கும் ஹப் மூடி) இரண்டு பக்கமும் போட்டிருந்தும் தண்ணீர் எப்படிப் போனது?

---

பட்டறைமேசை:

தம்பி, ரேஸ் இலக்கத்தை மட்டும் சொல்லி வாங்காதீங்க. எல் 44610 ரேஸுக்கு இரண்டு கோன் பொருந்தும். எல் 44643 என்றால் உள்விட்டம் 25.4 மி.மீ., அதாவது ஒரு அங்குலம். எல் 44649 என்றால் 26.99 மி.மீ., ஒன்றே வீசம் (1 1/16) அங்குலம். ரேஸ் ஒன்றுதான், ரோலரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார். சின்னது வந்தால் அக்சிலில் ஏறாது, அதோடு தெரிந்துவிடும். பெரியது வந்தால் ஒன்றரை மி.மீ. ஆட்டத்தோடு ஏறிவிடும், நட்டை இறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். அதுதான் ஆபத்து.

ஆகவே வேனியர் கலிப்பரால் ஸ்பின்டிலை (பேரிங் உட்காரும் அக்சில் முனைத் தண்டை) அளங்க. வெளி பேரிங் உட்காரும் இடம், உள் பேரிங் உட்காரும் இடம், சீலின் (ஹப்பின் பின்பக்கம் கிறீஸையும் தண்ணீரையும் தடுக்கும் வளையத்தின்) உதடு உரசும் இடம் என்று மூன்றும் வேணும். சில அக்சிலில் முதல் இரண்டும் ஒரே அளவு, சிலதில் உள்ளே தடித்து வெளியே மெலியும். சீலுக்கு ஸ்பின்டில் விட்டம், ஹப் துளை விட்டம், சீலின் தடிப்பு மூன்றையும் எழுதிக்கொண்டு போங்க. பழைய சீலையும் பையில் போடுங்க. ஹட்டனில் கிடைக்காவிட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இலக்கத்தைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். இவை ட்ரெயிலருக்கு மட்டும் வருகிற அபூர்வச் சாமான் இல்லை.

இதே மாதிரி இன்னொரு பொறி, வேறு அக்சில் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எல் 68149 கோனுக்கு எல் 68110, எல் 68111 என்று இரண்டு ரேஸ் உண்டு. வெளிவிட்டம் 59.13, 59.97 மி.மீ. முக்கால் மி.மீ.க்கு மேல் வித்தியாசம். சின்னது ஹப்பில் சுற்றும். பெரியதை அடித்து ஏற்றப் பார்த்தால் ஹப் வெடிக்கும். உள்ளூரில் செய்த ட்ரெயிலர் என்றால் 30205, 30206 போன்ற மெட்ரிக் பேரிங்கும் வரும். 30205 என்பது 25க்கு 52, 30206 என்பது 30க்கு 62. அளக்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

கழற்றும் முறை. ட்ரெயிலரை வாகனத்தில் மாட்டியே வைத்திருங்க, மற்ற வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை. வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டுப் பிறகு ஜக். அக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் இல்லாமல் கை வைக்காதீங்க. மலையில் சமதரை என்று நினைப்பதும் சமதரை இல்லை. ப்ரேக் அட்ஜஸ்டரை முழுதாகத் தளர்த்தினால்தான் ட்ரம் தாராளமாக வரும். மூடி, ஸ்பிளிட் பின் (நட் சுழலாமல் பிடிக்கும் இரட்டைக்கால் ஊசி), நட், நாக்கு வாஷர் என்ற வரிசையில் எடுத்துவிட்டு ஹப்பைக் கொஞ்சம் இழுத்துத் திரும்பத் தள்ளினால் வெளி பேரிங் தானாக முன்னே வந்து நிற்கும். கட்டைவிரலை வைத்துப் பிடிங்க, மண்ணில் விழ விடாதீங்க. உள் பேரிங் சீலுக்குப் பின்னால் இருக்கும். சீலை நெம்பி எடுங்க, அது எப்படியும் குப்பைக்குத்தான்.

மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, காய விடுங்க. கம்ப்ரசர் காற்றை அடித்து பேரிங்கைச் சுழல விட்டு விளையாடுகிறவர்கள் உண்டு. கிறீஸ் இல்லாத ரோலர் அந்த வேகத்தில் ஒரு நிமிஷத்தில் கீறிவிடும், ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு உடைந்தால் ரோலர் கண்ணுக்கு வரும்.

ரிம்முக்கு கிறீஸ் தெறித்திருக்கிறது என்றால் அது ட்ரம்முக்குள்ளால்தான் வந்திருக்கும். ப்ரேக் ஷூ நனைந்திருக்கும். பெற்றோல் போட்டுத் துடைத்தால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், சூடானதும் உள்ளே ஊறியது திரும்ப வெளியே வரும். லைனிங்கை இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்க. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இறக்கத்தில் ட்ரெயிலர் ஒரு பக்கம் இழுக்கும்.

---

ஏழாம்வளைவு:

சூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓவர்ரன் ப்ரேக் உள்ள ட்ரெயிலரில் ஹப் சூடானாலே பேரிங் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரம். அங்கிருந்து இறங்கும்போது வாகனத்தை கியரில் பிடித்து இறக்குவீர்கள், ட்ரெயிலர் பின்னாலிருந்து தள்ளும், வாகனத்தோடு மாட்டும் கப்ளிங் உள்ளே போகும், ப்ரேக் லேசாகப் பிடித்தபடியே கினிகத்தேனை வரை வரும். சமவெளியில் ஓடும் ட்ரெயிலருக்கு இந்த வேலையே இல்லை. ட்ரம்மின் சூடு ஹப்புக்கும் போய், அங்கிருந்து கிறீஸுக்கும் போகும்.

பிரித்தறிய வழி: நிறுத்தியவுடன் ட்ரம்மின் வெளிச்சுற்றையும் நடுவில் உள்ள மூடியையும் தனித்தனியாகப் பாருங்க. விரலை வைத்துச் சுட்டுக்கொள்ளாமல் முதலில் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சுற்று கொதித்து மூடி மிதமாக இருந்தால் ப்ரேக். மூடிப்பக்கம்தான் அதிகம் என்றால் பேரிங். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடு என்றால் இறக்கத்தின் கணக்கு, பயப்பட வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் சூடு, அந்தப் பக்கமே கிறீஸும் கசிந்திருக்கிறது. கிறீஸ் பட்ட ஷூ சாதாரணமாகப் பிடி குறைந்து குறைவாகத்தான் சூடாகும். அப்படியிருந்தும் அதுவே கொதித்தால் பேரிங் பக்கம் சந்தேகம் போவது நியாயம். ஆனாலும் கேபிள் துருப்பிடித்து அந்தப் பக்கம் திரும்பாமல் நிற்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஹேண்ட்ப்ரேக்கை விட்டுவிட்டு வீலைச் சுற்றிப் பாருங்க.

இனித் தண்ணீர் போன விதம். ஹப்புக்குள் கிறீஸ் நிரம்பாத இடத்தில் காற்று இருக்கும். 70 பாகைச் சூட்டோடு 20 பாகைத் தண்ணீரில் இறக்கினால் அந்தக் காற்று சுருங்கி அழுத்தம் 15 சதவீதம் அளவு விழும். ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீர் தள்ளுகிற விசைக்கு அது சமம். பின்பக்க சீலின் உதட்டில் ஒரு கீறல் இருந்தால் அதன் வழியே தண்ணீர் உறிஞ்சப்படும். ட்ரெயிலர் நிற்பது அரை மீட்டர் ஆழத்தில்தானே என்று நினைக்கிறவர்கள் இந்த உறிஞ்சலைக் கணக்கில் எடுப்பதில்லை.

மலையிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு மேலதிகமாக ஒன்று. ஹட்டனில் காற்றழுத்தம் சுமார் 87 கிலோபாஸ்கல், நீர்கொழும்பில் 101. மேலே மூடிய ஹப் கீழே வரும்போது வெளிக்காற்றே அதை அமுக்கும். அதுவும் ஒன்றரை மீட்டர்த் தண்ணீர் அளவுக்குக் கிட்ட வரும். வழியில் சீல் உதடு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுச் சமன் செய்துகொள்ளும் என்பதால் முழுதும் மிச்சமிருக்காது. ஆனால் காற்றுப் போகிற வழி இருந்தால் நீருக்கும் அது வழிதான்.

களப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் உடனே இறக்க வேண்டாம். கயிற்றை அவிழ்ப்பது, என்ஜின் மாட்டுவது எல்லாவற்றையும் முதலில் செய்யுங்க. அரை மணித்தியாலம் கழித்துத் தொட்டுப் பார்த்து, ஹப் கைச்சூட்டுக்கு வந்த பிறகு இறக்குங்க. ஈரத்துணி போட்டு ஆற்றுவது அதே உறிஞ்சலைத் தரையிலேயே செய்து வைக்கும், அது வேண்டாம்.

---

லேத்_டிக்கோயா:

ரேஸ், ஸ்பின்டில் பற்றி நான் எழுதுகிறேன், மற்றதைப் பட்டறைமேசை பார்த்துக்கொள்வார்.

பழைய பேரிங்கைத் தூக்கி எறியுமுன் ரேஸை வெளிச்சத்தில் பாருங்க. ரோலருக்கு ரோலர் எவ்வளவு தூரமோ அதே இடைவெளியில் கருப்புக் கோடுகள், தொட்டால் சொரசொரப்பு: தண்ணீர் உள்ளே நிற்க, ட்ரெயிலர் ஓடாமல் மழைக்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. அதே இடைவெளியில் பளபளப்பான குழிகள்: பேரிங் லூஸாக இருந்து பள்ளத்தில் இடிபட்டது. வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால் அதிகம் இறுக்கியது அல்லது கிறீஸ் இல்லாமல் ஓடியது. ரேஸில் ஒரு பாதி மட்டும் செதில் செதிலாகக் கழன்றிருந்தால் ரேஸ் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் ஸ்பின்டில் வளைந்திருக்கிறது. அப்படியானால் புது பேரிங் போட்டும் பயனில்லை. லேசான பழுப்புக் கறை மட்டும் என்றால் அது பழைய கிறீஸின் கறை, துணியால் போகும், பேரிங் நல்லது.

ரேஸை வெளியே எடுக்க: ஹப்புக்குள் ரேஸின் பின்னால் எதிரெதிராக இரண்டு வெட்டு இருக்கும். பித்தளைக் கம்பியை வைத்து மாறி மாறி அடியுங்க. ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு ஹப் துளையைச் சுரண்டும். வெட்டு இல்லாத ஹப், ரேஸ் அசையவில்லை என்றால் ரேஸின் உள்முகத்தில் சுற்றிவர ஒரு வெல்டிங் வரி ஓட்டுங்க. ஆறும்போது ரேஸ் சுருங்கித் தானே விழும். எர்த் கிளாம்பை ஹப்பிலேயே மாட்டுங்க. 

புது ரேஸை ஏற்ற: முதல் நாள் இரவே ஃப்ரீசரில் போடுங்க. நுவரெலியா பக்கம் குளிர் போதும் என்று விட்டுவிடாதீங்க, அந்தக் குளிர் போதாது. விட்டம் பெரிதாகத் திறந்த வாய் ஹப்புக்கு வெளிப்பக்கம் பார்க்க வேணும், இரண்டு பக்கத்துக்கும் அப்படித்தான். பழைய ரேஸின் வெளிச்சுற்றை க்ரைண்டரில் கொஞ்சம் குறைத்து, குறுக்காக ஒரு வெட்டும் போட்டால் நல்ல அடிகட்டை கிடைக்கும், உள்ளே சிக்காது. அடிக்கிற சத்தம் முதலில் மழுங்கலாக இருக்கும், அடியில் உட்கார்ந்ததும் கணீரென்று மாறும். சத்தத்தோடு விட்டுவிடாமல் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகட்டை) ரேஸின் பின்னால் நுழைத்துப் பாருங்க. எங்காவது நுழைந்தால் இன்னும் உட்காரவில்லை. அந்த இடைவெளி ஓட்டத்தில் அடங்கும், நீங்கள் வைத்த அட்ஜஸ்ட்மென்ட் அங்கேயே போய்விடும்.

ஸ்பின்டில்: கோன் கையால் வழுக்கி ஏற வேணும், ஆனால் கடகடவென்று ஆடக்கூடாது. அது மெல்ல ஊர்ந்து சுற்றுவதற்காக அப்படித்தான் செய்கிறார்கள், ஆகவே லேசான மெருகுத் தடம் பிரச்சினையில்லை. படி விழுந்திருந்தால், விரலில் தட்டினால், பிரச்சினை. இதை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து தரச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். செய்யாதீங்க. ஸ்பின்டிலின் அடியில் தோள் இருக்கிற இடத்தில்தான் முழு வளைவு விசையும் வரும். வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் மயிரிழை வெடிப்பு வந்தால் ஒரு நாள் வீல் ஸ்பின்டிலோடு சேர்ந்து பள்ளத்தாக்கில் போகும். புது ஸ்டப் அக்சில் போட்டுவிடுவதுதான் ஒழுங்கு.

சீல் உதடு உரசும் இடத்தில் நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் அது வேறு விஷயம், அதற்கு வழி உண்டு. 0.28 மி.மீ. தடிப்புள்ள துருப்பிடிக்காத ஸ்லீவ் கிடைக்கும். அதை ஏற்றினால் அதே சைஸ் சீலே போதும். பள்ளத்தை விட்டுவிட்டுப் புது சீல் போட்டால் அது கசியத்தான் செய்யும். புது பேரிங் போட்டும் அடுத்த சீசனில் திரும்ப வருகிறவர்களில் பாதிப்பேரின் கதை இந்தப் பள்ளம்தான்.

---

பட்டறைமேசை:

லேத் அண்ணன் சொன்னதில் மறுபேச்சு இல்லை. இனி கிறீஸும் நட்டும்.

கிறீஸ் என்.எல்.ஜி.ஐ. 2 தரம் (கிறீஸின் கெட்டித்தன்மை அளவு), லித்தியம் கொம்ப்ளெக்ஸ் அல்லது கல்சியம் சல்ஃபொனேட். இரண்டாவது தண்ணீருக்கு இன்னும் நல்லது. லொறி நிப்பிளுக்கு அடிக்கிற மலிவான மஞ்சள் கல்சியம் கிறீஸ் வேண்டாம். தண்ணீரைத் தாங்கும், ஆனால் 80 பாகை தாண்டினால் கட்டுக்கோப்பு குலைந்து எண்ணெயாக ஓடிவிடும். கினிகத்தேனை இறக்கத்தில் ப்ரேக் சூட்டோடு அந்த அளவு வருவது சாதாரணம். பழையது எந்த வகை என்று தெரியாவிட்டால் மேலே புதியதைப் போடாமல் முழுதும் கழுவி எடுங்க. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கிறீஸ் கலந்தால் இளகி வடியும்.

உள்ளங்கையில் ஒரு கட்டி கிறீஸ். கோனின் பெரிய பக்கத்தை அதன் ஓரத்தில் குத்திக் குத்தி இழுங்க. சிறிய பக்கத்தில் ரோலர் இடுக்கால் புழு மாதிரி வெளியே வரும்வரை ஒரே இடத்தில் செய்து, பிறகு திருப்பி அடுத்த இடம். மேலே பூசிவிட்டால் கூட்டுக்குள்ளே காற்றுத்தான் இருக்கும். உள் பேரிங்கைப் போட்டு, இரட்டை உதட்டு சீலைப் பலகைத்துண்டு வைத்து ஹப்போடு சமமாக இறக்கி, உதட்டிலும் கிறீஸ் தடவிப் பிறகு ஸ்பின்டிலில் ஏற்றுங்க. காய்ந்த உதடு முதல் கிலோமீட்டரிலேயே கருகும்.

நட். இரண்டு பாஸும் சொன்னது பிழை.

ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்க. ஒரு அங்குல நட் என்றால் 68 நியூட்டன் மீட்டர் வரை. டோர்க் ரென்ச் இல்லாவிட்டால் ஓர் அடிப் பிடியில் 23 கிலோ பாரம் அளவு. சின்ன அக்சிலுக்கு அதில் பாதி போதும். இது ரோலரை இருக்கையில் அமர்த்துவதற்கு மட்டும். சுற்றாமல் இறுக்கினால் ரோலர் சரிவிலேயே நின்றுவிடும், ஓடியபிறகு இறங்கி லூஸாகும். பிறகு ஹப்பை அசைக்காமல் நட்டை முழுதாக இளக்கி, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, விரலால் மட்டும் நிற்கும்வரை திருகுங்க. ஸ்பிளிட் பின் துளை பொருந்தாவிட்டால் இளகுகிற பக்கமாக அடுத்த வெட்டுக்கு வாங்க. இறுகுகிற பக்கம் போகக்கூடாது. பின் போட்டபிறகு நட் விரலுக்குக் கொஞ்சம் அசைந்தால் நல்லது.

முடிந்தபின் அச்சுவழி ஆட்டம் 0.03 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேணும். இப்போது கால் சுற்றைக் கணக்குப் பாருங்க. ஒரு அங்குல நட்டில் அங்குலத்துக்கு 14 புரி, ஒரு சுற்றுக்கு 1.81 மி.மீ. கால் சுற்று 0.45 மி.மீ. இறுக்கத்தின் இழுவை கொஞ்சத்தைத் தின்றாலும் மிச்சம் அதிகம்தான், அதில்தான் டக் டக். மறுபக்கம் "ஆடாத அளவு" என்று இறுக்கினால் ரோலரின் பெரிய முனை கோனின் விளிம்பில் அழுந்தி, கிறீஸ் படலம் நிற்காமல், நீலம் ஏறும். லூஸான பேரிங் சத்தம் போட்டு எச்சரிக்கும், இறுகினது சத்தம் போடாமல் வேகும். சந்தேகம் வந்தால் லூஸ் பக்கமே நில்லுங்க.

ஆறு வெட்டு நட்டும் ஒற்றைத் துளையும் என்றால் ஒரு வெட்டுக்கு 0.30 மி.மீ. வரும். விரல் இறுக்கத்திலிருந்து கிட்டத்தட்ட முழு வெட்டு பின்னே போக வேண்டியிருந்தால் அதுவே எல்லையைத் தாண்டும். அப்போது வாஷரைக் கண்ணாடியில் வைத்த எமரி தாளில் தேய்த்து 0.1 மி.மீ. குறைத்தால் நட் இருபது பாகை முன்னே போகும், துளை பக்கத்தில் வந்துவிடும். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது.

இதெல்லாம் ப்ரேக் ஷூ முழுதாகத் தளர்ந்த நிலையில். ஷூ உரசிக்கொண்டிருந்தால் பேரிங் இறுக்கம் என்று நினைத்து நட்டை இன்னும் இளக்கிவிடுவீர்கள். பேரிங் முடிந்த பிறகுதான் ப்ரேக் அட்ஜஸ்ட்.

---

நல்லதண்ணிப்பக்கம்:

கிறீஸ் அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கார், லொறிக்கு இரண்டு பேரிங்குக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு போதும், நிரப்பினால் கடைந்து சூடாகும் என்று எல்லா இடத்திலும் சொல்லித் தருகிறார்கள். போட் ட்ரெயிலருக்கும் அதையே செய்யலாமா?

---

ஏழாம்வளைவு:

அந்த விதி நெடுஞ்சாலை வேகத்துக்கு. ஹட்டன் ரோட்டில் ட்ரெயிலரோடு 40, 50க்கு மேல் யார் போகிறார்கள்? அந்த வேகத்தில் கடையும் சூடு சொற்பம். தண்ணீரில் இறங்காத ட்ரெயிலர் என்றால் பாதி வையுங்க. இறங்குகிறது என்றால் நிரப்புங்க. காற்று இல்லாத இடத்தில் சுருங்குவதற்கும் ஒன்றுமில்லை.

ப்ரொடெக்டர் போட்டிருந்தால் நிரப்பியே ஆக வேணும், அதன் தட்டு ஸ்பிரிங்கால் தள்ளுவது கிறீஸைத்தான். பாதி காற்று இருந்தால் தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா இருக்கும். தட்டு சில மி.மீ. முன்னே வந்து, ஓரத்தில் விரலால் அழுத்தினால் சாய்ந்தாடினால் போதுமான கிறீஸ் இருக்கிறது. அதற்கு மேல் கிறீஸ் கன்னை அழுத்தினால் பின் சீல் பிதுங்கி ட்ரம்முக்குள் கொட்டும். காசல்ரீக்கரையின் சீல் போனது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதோடு, முன்னால் அடிக்கிற கிறீஸ் முன்னாலேயே நிற்கும், பழையதைத் தள்ளிக்கொண்டு உள் பேரிங் வரை போகாது. ப்ரொடெக்டர் இருக்கிறது என்று வருஷாந்தக் கழுவலை விட்டவர்களுக்கு எப்போதும் உள் பேரிங்தான் முதலில் போகிறது. ஸ்பின்டில் முனையில் நிப்பிள் வைத்து உள்ளால் துளை போட்ட அக்சில் வேறு. அதில் கிறீஸ் பின்னால் போய் முன்னால் திரும்பும். அதற்கும் வீலைச் சுற்றிக்கொண்டே மெதுவாகத்தான் அடிக்க வேணும்.

---

காசல்ரீக்கரை:

அண்ணன்மாருக்கு நன்றி. கழற்றி அளந்தேன். இரண்டு பேரிங் இடமும் 26.95. ஆகவே எல் 44649. சீல் உதட்டு இடம் 31.7, அதில் நகம் மாட்டுகிற பள்ளம் இருக்கிறது. ஸ்பின்டிலில் படி இல்லை. ரேஸில் உள்பக்கம் மட்டும் இடைவெளிவிட்டுக் கருப்புக் கோடுகள், வெளிப்பக்கம் சுத்தம். சீல் பாதி வெளியே பிதுங்கி இருந்தது. ஷூ இரண்டும் எண்ணெய்.

இடப்பக்கத்தில் சத்தமும் இல்லை, சூடும் இல்லை. அதைத் திறக்காமல் விடலாமா? வழியில் வைத்துக்கொள்ள என்னென்ன வேணும்?

---

லேத்_டிக்கோயா:

உள்பக்கம் கோடு, வெளிப்பக்கம் சுத்தம் என்றால் தண்ணீர் பின்னாலிருந்து வந்து அங்கேயே தங்கியிருக்கிறது. ஸ்லீவ் போடாமல் மூட வேண்டாம். ஏற்றும்போது ஸ்லீவின் உட்புறம் மெல்லிய சீலன்ட் தடவி, நேராக இறக்குங்க, கோணினால் சுருங்கிக் கிழியும்.

இடப்பக்கத்தையும் திறக்கத்தான் வேணும். ஒரே தண்ணீர், ஒரே வயது. லைனிங் மாற்ற எப்படியும் ட்ரம் வெளியே வரும்.

---

பட்டறைமேசை:

வழிக்கு: கிறீஸ் அடைத்து, ரேஸ், இரண்டு பேரிங், சீல் எல்லாம் போட்ட முழு ஹப் ஒன்று, பொலித்தீனில் இறுகக் கட்டி. ஒரு நட், ஒரு நாக்கு வாஷர், ஸ்பிளிட் பின் நாலைந்து. நட்டுக்குரிய ஸ்பானர், குறடு, சுத்தியல், துணி. அக்சிலுக்குக் கீழே நுழைகிற தாழ்வான ஜக், அதற்கு அடியில் வைக்கத் தடித்த பலகை. மழையில் ரோட்டோர மண்ணில் ஜக் புதையும். உங்களுடையது ட்ரம் ஹப் என்பதால் சாமான் பாரமாக இருக்கும், பரவாயில்லை. வழியில் சீல் பள்ளம், ரேஸ் அடிப்பது எல்லாம் நடக்கிற காரியம் இல்லை, ஹப்போடு மாற்றிவிட்டுப் போவதுதான்.

ஹப் இல்லாமல் பேரிங் கத்த ஆரம்பித்தால் மெதுவாக ஓட்டிச் சமாளிக்கப் பார்க்காதீங்க. கூடு உடைந்தால் ரோலர்கள் ஒரு பக்கம் குவிந்து ஸ்பின்டிலில் உருகி ஒட்டும், அதற்குப் பிறகு அக்சிலே போகும். போட்டை லொறியில் ஏற்றுங்க.

புது பேரிங் போட்ட முதல் பயணத்தில் அவிசாவளையில் நிறுத்தி இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்க. திரும்பி வந்ததும் ஜக்கில் தூக்கி ஆட்டத்தை ஒருமுறை சரிபாருங்க, ரேஸ் கொஞ்சம் அமர்ந்திருந்தால் அப்போது தெரியும். வீல் நட்டையும் அப்போதே திரும்ப இறுக்குங்க.

---

ஏழாம்வளைவு:

களப்பிலிருந்து வந்தபின் வெளியே நல்ல தண்ணீரால் கழுவுவது ரிம்முக்கும் ப்ரேக் கேபிளுக்கும் நல்லது, பேரிங்குக்கு அதால் ஒன்றுமில்லை. ப்ரஷர் வாஷரைப் பின் சீலுக்கு நேரே பிடிக்காதீங்க. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ட்ரெயிலர் சும்மா நிற்கும் என்றால் நிறுத்துமுன் கழுவி கிறீஸ் மாற்றி வையுங்க, மழை முடிந்தபிறகு செய்யலாம் என்று விடாதீங்க. உள்ளே நின்ற தண்ணீர் அந்த மாதங்களில்தான் கோடு போடும். மாதம் ஒருமுறை வீலைக் கையால் ஓரிரண்டு சுற்று சுற்றிவிட்டால் ரோலர் ஒரே இடத்தில் நிற்காது. ஹேண்ட்ப்ரேக்கை இழுத்து வைக்காமல் கட்டை போட்டு நிறுத்துங்க, இல்லாவிட்டால் ஷூ ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

---

காசல்ரீக்கரை:

ஸ்பிளிட் பின் சாதாரண இரும்பா, துருப்பிடிக்காததா? ஹட்டன் கடையில் 3.2, 4 இரண்டும் இருக்கிறது.

---

பட்டறைமேசை:

துளையை ட்ரில் பிட்டால் அளங்க. 4 நுழைந்தால் 4, இல்லாவிட்டால் 3.2. துருப்பிடிக்காதது கிடைத்தால் அதுவே நல்லது, களப்புத் தண்ணீருக்கு. நீளக் காலை நட்டின் மேல் ஸ்பின்டில் முனையோடு மடித்து, குட்டைக் காலை வெட்டிவிடுங்க. மூடியில் உரசக்கூடாது.